கீழே இறுக்கம், மேலே இளக்கம்

கட்டிலின் மேல் நீட்டியிருந்த காலைச் சுற்றி அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார் மாஸ்டர். அளவு சரியாகத்தான் இருந்தது.

"அட்டை எதுக்குங்க?"

"மூலை அடிபடாம இருக்க."

"என் காலுக்கு மூலை எங்க இருக்கு?"

"முழங்கால் இருக்குல்ல?"

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டி ஏற்றும் நிறுவனத்தில் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணாடி அலமாரி, ஃபிரிட்ஜ், ஒரு தடவை உயிருள்ள மீன்களோடு ஒரு மீன்தொட்டி. அவர் கட்டியது எதுவும் இதுவரை உடைந்ததில்லை. கட்டிலில் இருந்த கால் மட்டும்தான் அவருக்குப் புதுச் சரக்கு.

கால் அவர் மனைவியுடையது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவள் ஆசிரியை. பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கில் வைத்த காலால் அவள் காப்பாற்றிய சுவர்கள், மாடுகள், பால் வண்டிகள் ஊர் முழுக்க இருந்தன. அதனால் பெயர் பிரேக்கம்மா.

கருப்பையில் வந்த புற்றுநோயை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தபோது, அடிவயிற்றில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது. வெகுநாள் கழித்து வலது கால் வீங்க ஆரம்பித்தது. யார் கேட்டாலும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷூவுக்குள் கால் நுழையாமல் போனபோதுதான் வீடு விழித்துக்கொண்டது.

போன வாரம் பிசியோதெரபி கிளினிக்கில் அவள் கேட்டது ஒரே கேள்வி. "இது எப்போ போகும்?"

"போகாது. ஆனா அடங்கும். அடக்கி வச்சிக்கிறது நம்ம கையில இருக்கு," என்றாள் அங்கிருந்த இளம்பெண். அதன் பெயர் லிம்ஃபெடீமா, நிணநீர் தேங்கி வரும் வீக்கம். சில வாரம் தினமும் துணி சுற்றிக் கட்ட வேண்டும். கால் வற்றியதும் அளவெடுத்து இறுக்கமான காலுறை போட வேண்டும்.

வார நாட்களில் கிளினிக்கிலேயே கட்டிவிட்டார்கள். இன்று ஞாயிறு. வீட்டில் யாராவது கட்ட வேண்டும். சனிக்கிழமை அந்தப் பெண் பொறுமையாகக் கட்டிக் காட்டியபோது மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். கண் மட்டும் கிளினிக்கின் கண்ணாடி அலமாரி மேல் இருந்தது. அதை எப்படிக் கழற்றி இறக்கலாம் என்று மனதுக்குள் கட்டி முடித்துவிட்டார்.

"நேத்து அந்தப் பொண்ணு விரல்லேர்ந்துதான் ஆரம்பிச்சா," என்றாள் பிரேக்கம்மா.

"அவ சின்னப் பொண்ணு. மேல இறுக்கிக் கட்டலைன்னா துணி சரிஞ்சு வரும். ஃபிரிட்ஜ்லயும் அப்படித்தான்."

"ஃபிரிட்ஜுக்கு வலிக்காதுங்க."

"அசையாதே."

தொடையில் ஆரம்பித்தார். சுற்றுக்குச் சுற்று முழங்காலை அழுத்தி இழுத்தார். கீழே வர வர ரோல் தீர்ந்துகொண்டே போனதால் பாதத்துக்குக் கிடைத்தது இளக்கமான ஒரே சுற்று. முடிந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து அவளுடைய தொடைக்கு நேராகக் கட்டின் மேல் ஒட்டினார். அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்றிருந்தது.

"இது என்ன?"

"பழக்கம்," என்றார். கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அந்த நேரத்தில்தான் மாஸ்டரின் அக்கா வந்தாள். பேக்கரி வைத்திருப்பவள். விடிவதற்கு முன்பிருந்து நின்றபடியே மாவு பிசைகிற வேலை. கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி, அதற்குக் கீழே ஆம்பளை அளவு ரப்பர் செருப்பு. கேட்டால் "காத்தோட்டம் வேணும்" என்பாள். ஒரு கையில் பன் பை. இன்னொரு கையில் வெந்நீர்ப் பை.

"காலைக் காட்டு. நல்லா சூடு வச்சு, எண்ணெய் போட்டு, இந்தக் கையால ஒரு பிசை பிசைஞ்சா தண்ணியெல்லாம் இறங்கிடும்."

"அண்ணி, அதெல்லாம் கூடாதுன்னு கிளினிக்ல சொல்லியிருக்காங்க. சூடும் கூடாது, அழுத்தவும் கூடாதாம்."

"அப்புறம் எதுக்குக் கை?"

"பூனையைத் தடவுற மாதிரி தடவணுமாம்."

"தடவுறதுக்கு ஃபீஸ் வேறயா!" என்று நாத்தனார் வெந்நீர்ப் பையை மேஜை மேல் வைத்தாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த புறங்காலில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் ஒரு குழி அப்படியே நின்றது.

"அடியே, பொங்கின மாவுல விரல் வச்ச மாதிரியே இருக்கு."

"அண்ணி, என் கால் அடுப்புக்குப் போகாது."

சிரித்துக்கொண்டே சொன்னாளே தவிர, பிரேக்கம்மாவின் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. இன்று பத்து மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார் பள்ளியின் முதலாளி. "பிரேக் அழுத்திக் காட்டு. முடியலைன்னா மனசுல வச்சுக்காதே, நாளையிலிருந்து உன் வண்டியை எங்க மாப்பிள்ளைகிட்ட குடுத்துடறேன்" என்றிருந்தார். மாப்பிள்ளை வேலை இல்லாமல் வீட்டில் இருப்பதாகவும், மகள் தினமும் போன் செய்து அழுவதாகவும் ஊருக்கே தெரியும்.

அந்தக் காரின் இருக்கையை அவள் தன் முதுகுக்கு ஏற்றபடி பழக்கி வைத்திருந்தாள். அதில் இன்னொருவர் உட்காருவதை நினைத்தால் கட்டுக்குள் இருந்த கால்கூடச் சுருங்குவது போலிருந்தது.

மைதானம் காலியாக இருந்தது. ஓரத்தில் பழைய டயர்கள். நுழைவாயிலில் பள்ளியின் பெயர்ப் பலகை. பெயருக்குக் கீழே 'பாதுகாப்பே முதல் பாடம்' என்று பெரிய எழுத்து. பலகைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

முதலாளிக்கு நன்றாக ஓட்டத் தெரியும். நிறுத்துவதில்தான் அவருக்கு ஆர்வம் குறைவு.

"நான்தான் இன்னைக்கு ஸ்டூடண்ட். திடீர்னு 'நிறுத்து'ன்னு சொல்லுவேன். நீ நிறுத்தணும்."

பிரேக்கம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வலது காலில் ஷூ நுழையவில்லை என்பதால் மாஸ்டரின் ஒரு கித்தான் ஷூ. ஆனால் வீட்டிலிருந்து வரும் வழியிலேயே விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. இப்போது ஷூவுக்குள் இருப்பது தன் கால்தானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வழக்கப்படி "எனக்கு ஒண்ணுமில்ல சார், எடுங்க" என்றது.

கார் ஒரு வட்டம் போனது. வாயிலை நோக்கித் திரும்பியது.

"நிறுத்து!"

அழுத்தினாள். முழு பலத்தோடுதான் அழுத்தினாள். ஆனால் அழுத்தியது பிரேக்கை அல்ல, அதற்குப் பக்கத்தில் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பை.

முதலாளி தன் பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் பலகையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சத்தம் அதிகமில்லை. பலகை கொஞ்சம் யோசித்து, மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்தது. பாதுகாப்பே முதல் பாடம் வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

மாப்பிள்ளை கட்டிய கையை அவிழ்த்தான்.

"பார்த்தியாம்மா," என்றார் முதலாளி. கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. அதுதான் அவளுக்குச் சுட்டது. "நான் வேணும்னு சொல்லலை. கால் கேட்கலை. என்ன பண்றது?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

"சாயங்காலத்துக்குள்ள என்ன மாறிடும்?"

"பலகையைத் திரும்ப நட்டு வைக்க அவ்வளவு நேரம் எப்படியும் ஆகும்ல?"

முதலாளி பலகையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீ போய் கடப்பாரை எடுத்துட்டு வா," என்றார் மாப்பிள்ளையிடம்.

வாயிலில் காத்திருந்த மாஸ்டர் ஓடி வந்து ஷூவைக் கழற்றினார். விரல்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. அவர் முகம் வெளுத்தது. கட்டி அனுப்பிய சரக்கு உடைந்து வந்ததைப் பார்ப்பது அவருக்கு வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

"வலிச்சா சொல்ல மாட்டியா?"

"அசையாதேன்னு சொன்னீங்க."

அங்கேயே கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டை அவிழ்த்தார்கள். நிறம் மெல்லத் திரும்பியது. கூடவே வந்திருந்த நாத்தனார் கிளினிக்குக்குப் போன் போட்டாள். பிசியோ பெண் கிளினிக்கின் மாடியில்தான் குடியிருந்தாள். "உடனே கூட்டிட்டு வாங்க," என்றாள்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து கதவைத் திறந்தாள். முதலில் விரல்களை அழுத்திப் பார்த்தாள், ஒவ்வொன்றிலும் தொட்டு "தெரியுதா?" என்று கேட்டாள், கணுக்காலை மடக்கச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவிழ்த்த துணியையும், அட்டையையும், ஸ்டிக்கரையும் பார்த்தாள்.

"யார் கட்டினது?"

மாஸ்டர் கை தூக்கினார். வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் போல் பாதிதான் தூக்கினார்.

"மேல இறுக்கம், கீழ இளக்கம். அப்படியே தலைகீழ். அங்கிள், ரத்தத்தைத் தள்ளுறதுக்கு இதயம் இருக்கு. நிணநீரைத் தள்ள அப்படி ஒரு ஆள் கிடையாது. சதை அசைய அசையத்தான் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். கீழ இறுக்கமா இருந்து, மேல போகப் போக இளகினாத்தான் அதுக்கு ஏற வழி இருக்கும். நீங்க மேல பூட்டிட்டீங்க. அது எங்க போகும்?"

பதில் சொன்னது பிரேக்கம்மா.

"எனக்குப் புரியுது. ஆபரேஷன்ல மெயின் ரோட்டை மூடிட்டாங்க. வண்டியெல்லாம் சந்து வழியாத்தான் போயாகணும். இவர் அந்த சந்து வாசல்லயும் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்திட்டாரு."

"அதேதான் ஆன்ட்டி."

"நான் லாரி ஓட்டுறதே இல்லை," என்று முணுமுணுத்தார் மாஸ்டர்.

பெண் ஸ்டிக்கரைக் கையில் எடுத்தாள். அம்புக்குறியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். "இது ஒண்ணுதான் சரியா இருந்திருக்கு. தண்ணி போக வேண்டிய பக்கம் இதுதான். திரும்ப ஒட்டிக்கோங்க."

அந்த ஒரு வார்த்தையில் மாஸ்டருக்குப் பாதி உயிர் வந்தது.

பிறகு பாடம் நடந்தது. முதலில் தோலுக்கு க்ரீம். தோல் வெடித்தால், கீறினால், அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அடுத்தது தடவல். நாத்தனார் கையை நீட்டினாள். பெண் அந்தக் கையைப் பிடித்து, தோல் மட்டும் நகர்கிற அளவுக்கு வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? இது பன்னு மேல பால் தடவுற கை."

"அந்தக் கைதான் வேணும்."

"அதுக்கு நான் வேற ஒரு பிரஷ்ஷே வச்சிருக்கேன்," என்றாள் நாத்தனார். இருந்தாலும் கை தானாக இளகியது. கொஞ்ச நேரத்தில் பிரேக்கம்மாவுக்குக் கண் சொக்கியது.

கட்டுவதை மாஸ்டரே செய்ய வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை அலமாரிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் மெல்லிய துணி. பாதத்தைச் சுற்றிப் பஞ்சு. அதன் மேல் அதிகம் நீளாத முரட்டுத் துணி, பாதத்திலிருந்து மேல்நோக்கி. சுற்றுக்குச் சுற்று நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷம் சாமான் கட்டியவர், கட்டும்போது சாமானிடம் "போதுமா?" என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

"கீழ இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்," என்றாள் அவள்.

"இப்போ?"

"இப்போ சரி."

"வண்டியில உட்காரலாமா?" என்று பெண்ணிடம் கேட்டாள்.

"விரல் உணர்ச்சி இருக்கணும், கணுக்கால் மடங்கணும். முதல்ல நிக்கிற வண்டியில அழுத்திப் பாருங்க. மரத்துப் போனா அந்த நிமிஷமே அவிழ்த்துடுங்க. 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்லக் கூடாது."

"அது உங்களுக்கு யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்ற டயலாக்தான் ஆன்ட்டி."

வெயில் தாழ்ந்தபோது மறுபடி மைதானத்தில் இருந்தார்கள். பலகையை நட்டாகிவிட்டது, லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த மாப்பிள்ளை அதன் முன்னால் நின்று இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தான்.

பிரேக்கம்மா நின்ற வண்டியில் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். கட்டுக்குள் கெண்டைச் சதை இறுகி இளகுவது தெரிந்தது. விரல் நுனியில் பிரேக்கின் ரப்பர் வரிகள்கூடத் தெரிந்தன.

"என் கால்தான்," என்றாள், யாருக்கும் கேட்காமல்.

பின்னிருக்கையில் மாஸ்டரும் நாத்தனாரும் ஏறிக்கொண்டார்கள். முதலாளி வேண்டாம் என்றுதான் சொன்னார். நாத்தனார் ஒரு பன்னை நீட்டி வாயை அடைத்தாள்.

கார் நகர்ந்தது. "நிறுத்து" என்றார் முதலாளி. நின்றது. இன்னொரு வட்டம். "நிறுத்து." நின்றது, முன்பைவிட மென்மையாக. முதலாளி திருப்தியை மறைக்கப் பன்னைக் கடித்தார்.

"இது நேத்து சுட்டது," என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் நாத்தனார்.

"நேத்துப் பன்னு. தெரியாதா எனக்கு?"

"இன்னைக்கு விடியக்காலைல நின்னு சுட்டது! அழுத்திப் பாருங்க, எழும்புதா இல்லையான்னு!"

பின்பக்கமிருந்து இன்னொரு பன் வந்தது. முதலாளி அதை அழுத்திப் பார்க்கத் திரும்பினார். ஒரு கையில் பன், இன்னொன்றிலும் பன். கார் தன் போக்கில் வாயிலை நோக்கிப் போனது. வாயிலில் பலகை; பலகைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, மாப்பிள்ளை.

யாரும் "நிறுத்து" என்று சொல்லவில்லை.

கார் நின்றது. பன் பை பறந்து முன் கண்ணாடியில் மோதியது. மாஸ்டரின் மூக்கு முன்னிருக்கையில் இடித்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தபோது காரின் மூக்குக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே ஒரு பன் வைக்கிற இடம் இருந்தது.

பிரேக்கம்மா இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

"மாமா," என்றான் மாப்பிள்ளை. குரல் எங்கிருந்தோ வந்தது. "இந்த வேலை எனக்கு வேண்டாம் மாமா. அவங்களே இருக்கட்டும். அவங்க இருந்தாத்தான் நான் இருப்பேன்."

முதலாளி கையில் இருந்த பன்னைப் பார்த்தார். அழுத்தினார். எழும்பியது. "புதுசுதான்," என்று ஒப்புக்கொண்டார். பிறகு பிரேக்கம்மாவிடம், "நாளைக்குக் காலைல வந்துடும்மா," என்றார்.

"நாளைக்கு வர மாட்டேன் சார். காலுறைக்கு அளவெடுத்து அது வரட்டும். அப்புறமும் ஒவ்வொரு பாடம் முடிஞ்சா நான் கொஞ்சம் நடக்கணும், காலைத் தூக்கி வைக்கணும். தொடர்ந்து உட்கார மாட்டேன்."

"அதுவரைக்கும் வண்டி?"

"நிக்கட்டும். நிக்கிற வண்டியால யாருக்கும் ஆபத்தில்லை."

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேருக்கும் பேச ஆயிரம் இருந்தது. தினமும் கட்டப் போவது யார், தடவப் போவது யார் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை. மாஸ்டர் மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்.

"ரெண்டு பேரும் வேண்டாம். நானே கத்துக்கப் போறேன்," என்றாள் பிரேக்கம்மா. "அண்ணி, உங்க கை இன்னும் கனமா இருக்கு. இப்படி வாங்க, அந்தப் பொண்ணு காட்டினதை உங்க கால்லயே காட்டறேன். எவ்வளவு லேசா இருக்கணும்னு தெரியும்."

"என் கால் எதுக்கு? அவன் காலை எடுத்துக்கோ."

"அவர் கால்ல முடிதான் இருக்கு. நீட்டுங்க."

"வேண்டாம்னா விடேன்."

நாத்தனார் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது கொஞ்சம் அவசரமாக இருந்தது. பிரேக்கம்மாவுக்கு அந்த அவசரம் நன்றாகத் தெரியும். பல மாதம் அவளும் அப்படித்தான் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் செருப்பைப் பார்த்தாள். ஆம்பளை அளவு. செருப்பின் வார் பதிந்த இடம் புறங்காலில் பள்ளமாக இருந்தது.

குனிந்தாள். கணுக்காலுக்கு மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். அழுத்தினாள். எடுத்தாள்.

மூன்று பேரும் அந்த இடத்தையே பார்த்தார்கள். மாஸ்டர் மூக்கிலிருந்து ஐஸை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் நாத்தனார். "நாள் முழுக்க நிக்கிறேன்ல. அடுப்புச் சூடு."

மாஸ்டர் சத்தமில்லாமல் எழுந்து போய் பையிலிருந்து இன்னொரு ரோலை எடுத்தார். பிரேக்கம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"ரோலை உள்ள வைங்க. எல்லா வீக்கமும் ஒரே வீக்கமில்லை. முதல்ல டாக்டர் பார்க்கட்டும்."

"பேக்கரியை யாருடி பார்த்துப்பா?" என்றாள் நாத்தனார். அந்தக் குரலில் காலையில் இருந்த பிசைகிற பலம் இல்லை.

விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே இருந்தது.